கப்பலேறிய கணவனும் கால் ஒடிந்த பன்றியும்

வெட்டொன்று துண்டிரண்டு என்று பேசுகிற ஆட்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அப்படியே வெட்டுகிற ஆள் அந்தத் துறைமுகச் சந்தையில் ஒருத்திதான் இருந்தாள். பத்து இறைச்சிக் கடைகளில் ஒன்பதில் ஆண்கள் நின்று கட்டையைக் கொத்திக்கொண்டிருப்பார்கள். பத்தாவது கடையில் அவள் கத்தியை ஒருமுறை தூக்குவாள், ஒருமுறை இறக்குவாள். தொடை தனி, கால் தனி. எலும்பில் பிசிறு இருக்காது. சந்தை அவளுக்கு 'வெட்டொண்ணு' என்று பெயர் வைத்தது. ஒரு ஈ அவள் கத்திக்குக் குறுக்கே பறந்து இரண்டு ஈயாகப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் அதற்குப் பிறகு பல நாள் வாழ்ந்தன என்று சொல்கிறவரை மட்டும் நம்ப வேண்டாம்.

அவளுடைய வலது மணிக்கட்டு கோணல். அதனால் கத்தி நேராக இறங்காது. உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து இறங்கும். அந்தச் சாய்வுதான் மூட்டுக்குள் வழி கண்டுபிடித்துப் போகும். கைராசி என்றார்கள். கைராசி ஒன்றுமில்லை. அந்தக் கையைக் கணவன் மூன்று தடவை ஒடித்திருந்தான். முதல் தடவை கதவிடுக்கில் வைத்து. இரண்டாம் தடவை படிக்கட்டில் உருட்டிவிட்டு. மூன்றாம் தடவை வெட்டுக்கட்டையின் மேல் வைத்துக் கத்தியின் பின்பக்கத்தால், ஈரல் வாங்க வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்க. அவர்கள் ஈரலை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஒடிந்த கைக்கு யாரும் கட்டுப் போடவில்லை. அது தனக்குத் தெரிந்தபடி ஒட்டிக்கொண்டது.

கணவன் எங்கே என்று கேட்டால், "கப்பலேறிப் போயிட்டார்" என்பாள். துறைமுக ஊரில் அதற்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள். பாதி வீட்டு ஆண்கள் அங்கே கப்பலேறிப் போனவர்கள். அதில் பாதிப் பேர் அடுத்த தெருவில் வேறு வீட்டில் இறங்கியவர்கள்.

உண்மையில் இவள் கணவன் போன தூரம் நூற்றிருபது அடி. கடைக்குப் பின்னால் அறுப்புக் கொட்டகை. அதையும் தாண்டி, சந்தை முழுவதும் எலும்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிற மணல்மேடு. அங்கே இருபத்திரண்டு வருடமாக அவன் இருந்தான்.

அது சந்தைக்கு விடுமுறை நாள், உச்சி வெயில் நேரம். கொட்டகையில் அவள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஆடு தொங்கவிடுகிற இரும்புக் கொக்கியை எடுத்து அவள் தோளில் மாட்டி இழுத்தான். என்ன கோபம் என்று கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது. கோபம் அவனுக்குப் பசி மாதிரி, வேளைக்கு வரும். இழுத்துக்கொண்டு வந்து அவள் தலையை அண்டாத் தண்ணீரில் அமுக்கினான். எடுத்தான். மறுபடி அமுக்கினான். மூன்றாம் முறைக்காக முடியைக் கொத்தாகப் பற்றியபோது அவள் கை கட்டைமேல் இருந்த கத்தியைத் தொட்டது.

ஒரே வெட்டுத்தான்.

பிறகு அவள் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முழு ஆளைத் தூக்க அவளால் முடியாது. முழு மாட்டையும்தான் தூக்க முடியாது. மாட்டுக்கு என்ன செய்வாளோ அதைச் செய்தாள். மனசு எங்கேயோ நின்றது, கை தன் வேலையைப் பார்த்தது. முட்டிச் சில்லுகள் கழன்று வந்தபோது தினமும் செய்கிற மாதிரியே இடது தோளுக்கு மேலே பின்னால் எறிந்தாள். கடை நாய் இரண்டையும் தரையில் விழவிடாமல் கவ்வியது.

நான்கு சாக்குகள். பட்டப்பகலில் ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டு போனாள். சாக்கோடு போகிற கசாப்புக்காரியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எதிரே வந்த உப்புக் கடைக்காரர் மட்டும், "லீவு நாள்லயும் வேலையா?" என்று கேட்டார்.

"சுத்தம் பண்றேன்" என்றாள். பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது.

இருபத்திரண்டு வருடம் கழித்து, துறைமுகத்தைப் பெரிதாக்குவதற்காகக் கொட்டகையை இடித்தார்கள். இயந்திரம் கடலோர மண்ணை அள்ளியபோது ஒரு பன்றியின் தாடை வந்தது. கூடவே எலும்பில் செதுக்கிய தூண்டில் முள் ஒன்று. தாடையைப் பார்க்க ஒருவர் வந்தார். பார்த்துவிட்டு இயந்திரத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். வேலை நின்றது.

அவர் பழங்கால விலங்குகளின் பற்களை ஆராய்கிறவர். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, எந்நேரமும் சட்டைப்பையில் நாலு பல். சந்தை அவரைப் 'பல்லு டாக்டர்' என்றது. பெயரை நம்பி ஒரு மீன்காரர் வலிக்கிற கடைவாயோடு போய் வாயைத் திறந்தார். இவர் டார்ச் அடித்துப் பார்த்து, "நீங்க பன்றியா இருந்தா உங்களுக்கு நாலு வயசு" என்று சொல்லி அனுப்பினார்.

கரையில் கடலோரத்திலிருந்து வரிசையாகக் குழிகள் வெட்டத் தொடங்கினார்கள். முதல் குழி, இரண்டாம் குழி என்று எண் போட்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கொட்டகை இருந்த இடத்தை நோக்கி வந்தார்கள். வெட்டொண்ணு தன் கடை வாசலில் நின்று அடி அளந்து பார்த்தாள். ஐந்தாம் குழி மணல்மேட்டில் விழும்.

மறுநாள் கடையைப் பூட்டினாள். எலும்பு கழுவிப் பிரிக்க ஆள் வேண்டும் என்று ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். வேறு யாரும் அதைப் பார்த்துவிடக் கூடாதே.

பல்லு டாக்டர் ஓர் எலும்பை நீட்டினார். "இது என்ன?"

"ஆடு. முன்னங்கால். கிழடு. நொண்டியிருக்கும்."

"எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியாம இருக்கும்?"

அன்றே வேலை கிடைத்தது. பல்லைத் தவிர மற்ற எலும்பெல்லாம் அவருக்குக் கொஞ்சம் மங்கல். அதை மறைக்கவும் இல்லை. கால் எலும்புப் பைகள் முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டார். குழியிலிருந்து வாளியில் எலும்பு வரும். அவள் கழுவுவாள், பிரிப்பாள், பையில் போட்டு எந்த மிருகம், எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று சீட்டு எழுதுவாள். ஒரு துணுக்கைக்கூட வெளியே எறியக் கூடாது என்பது அங்கே சட்டம். கணவன் வாளியில் வந்தால் முதலில் அவள் கைக்குத்தான் வருவான். அதற்காகத்தான் அந்த வேலை.

ஒரே ஒரு தொல்லை. வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவன் அவளுடைய கொழுந்தன். அண்ணனின் அதே கழுத்து, அதே முஷ்டி. சாயங்காலம் வெளியே போகும்போது அவளுடைய சாப்பாட்டுக் கேரியரைத் தட்டுத் தட்டாகத் திறந்து மோந்து பார்ப்பான்.

"இருபத்திரண்டு வருஷம். ஒரு கடுதாசிகூட அண்ணன் போடலையே அண்ணி. கப்பல்ல பேனா கிடைக்காதா?"

"பேனா கிடைக்கும் கொழுந்தனாரே. உங்க அண்ணனுக்கு எழுத வராதே."

"என்னைக்காவது ஒரு நாள் எனக்கு உண்மை தெரியும்."

"தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்று கேரியரை வாங்கிக்கொண்டு போவாள். முன்பு ஒருமுறை இதே பேச்சில் அவன் அவள் வீட்டுக் கதவை எட்டி உதைத்துக் கீலோடு பெயர்த்திருக்கிறான். அவள் உள்ளேயிருந்து வெந்நீரை ஊற்றியதில் ஒரு காது இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. குடும்பம் என்றால் வரப் போக இருக்கத்தானே செய்யும்.

மூன்றாம் குழி நடக்கும்போது பல்லு டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய எலும்புகளில் வெட்டுத் தடம் இருந்தது. கல்லால் வெட்டியதா, இரும்பால் வெட்டியதா என்று சொல்ல வேண்டும். ஒரே ஆள் இரண்டாலும் வெட்டி, தடத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன? ஒரு பன்றியை வரவழைத்தார். கல்லை உடைத்துக் கூராக்கிய கத்தி ஒன்று, அவளுடைய இரும்புக் கத்தி ஒன்று. அவள் வெட்ட, அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதாக ஏற்பாடு.

பன்றியின் கழுத்தில் கல்கத்தி இறங்கியது. அது கத்தியபடி அவளை இழுத்துக்கொண்டு ஓடியது, மேசை சாய்ந்தது, சுவர் முழுக்கச் சிவப்பு. இத்தனை வருடம் செத்தவற்றோடு குடித்தனம் நடத்திய மனிதர், உயிருள்ள ரத்தம் கண்ணாடியில் தெறித்ததும் நோட்டோடு மல்லாந்து விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினால் மறுபடி பார்த்துவிட்டு மறுபடி விழுந்தார். மூன்றாம் தடவை எழுப்பும்போது அவள் பார்க்க விடவில்லை. ரத்தம் படாத சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார வைத்து, தானே ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தபடி எழுதினார்.

பொத்தென்று ஏதோ விழுந்தது.

"அது என்ன சத்தம்?"

"சில்லு சார். முட்டிச் சில்லு."

"எங்கே போட்டீங்க?"

"பின்னால எறிஞ்சேன். அதை யார் வாங்குவா? நாய்க்குத்தான்."

அவர் எதையும் விடாமல் எழுதுகிறவர். 'முட்டிச் சில்லு: இடது தோளுக்கு மேலே எறியப்பட்டது' என்று அதையும் எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் குழி தொடங்கிய நான்காம் நாள் வாளியில் கணவன் வந்தான்.

முழுசாக இல்லை. இரண்டு தொடை, இரண்டு கணைக்கால் எலும்பு, கொஞ்சம் இடுப்பு. மண்ணைக் கழுவியதும் மூட்டருகே அவளுடைய சாய்ந்த வெட்டு புதிதாகச் செதுக்கியது மாதிரி தெரிந்தது. வெளியே கொண்டுபோக முடியாது, வாசலில் அவன் தம்பி. அங்கே எறியவும் முடியாது. எலும்பை ஒளிக்க எலும்புக் குவியலைவிட நல்ல இடம் எது? எதன் நுனியைப் பார்த்தாலும் ஆள் என்று தெரிந்துவிடும் என்று நுனிகளைத் தட்டி உடைத்தாள். நடுத்தண்டுகளைப் பையில் போட்டாள், இடுப்பையும் உடைந்த நுனிகளையும் இனம் தெரியாத துணுக்குகளோடு கலந்தாள். சீட்டில் எழுதினாள்: 'பன்றி. ஆண். பெரியது.' எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது என்பார்கள். அதை நம்பலாம்.

இன்னும் இரண்டு சாக்கு பாக்கி. தலை இருந்த சாக்கு குழிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். ஆறாம் குழி வரும்வரை மூச்சு விடலாம்.

அவன் கிடந்த இடத்துக்குக் கீழே, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் ஒரு கல் தட்டுப்பட்டது. நடுவில் துளை. கயிறு உரசி உரசித் துளையின் ஓரம் கண்ணாடி மாதிரி இருந்தது. நங்கூரக் கல் என்றார் பல்லு டாக்டர். கல்லின் தலையில் மட்டும் வெள்ளையாக ஒரு புதுக் காயம். "யார் இதுல கடப்பாரையைப் போட்டது?" என்று தோண்டுகிறவர்களை ஒரு நாள் முழுக்கத் திட்டினார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

கல்லைப் புரட்டினால் அடியில் ஒரு பன்றி.

அதற்கு முன்பு கிடைத்தவை எல்லாம் கொலைக்களம் மாதிரி கிடந்தன. பதினோரு நாய்கள், பதினொன்றுக்கும் நெற்றியில் ஒரே மாதிரி அடி. மண்டை உள்ளே குழிந்திருந்தது. கால்களை முறித்து உள்ளிருப்பதை உறிஞ்சியிருந்தார்கள். கோழிகள், கழுத்து திருகியவை. அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்தவர்கள், கரை இறங்கிய பசியில் படகில் கொண்டுவந்ததையெல்லாம் அடித்துத் தின்றிருக்கிறார்கள். இந்தப் பன்றி மட்டும் முழுசாகப் படுத்திருந்தது, காலை மடக்கிக்கொண்டு.

வெட்டொண்ணு அதைக் கழுவினாள். ஒவ்வொரு எலும்பாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இதுல வெட்டே இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒரு கீறல்கூட இல்லை. கிழவியாகிச் செத்திருக்கு. இங்க பாருங்க, பின்னங்கால். சின்ன வயசுல ஒடிஞ்சிருக்கு."

பல்லு டாக்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். ஒடிந்த இடத்தில் எலும்பு மொத்தையாக வளர்ந்திருந்தது. ஆனால் கால் நூல் பிடித்த மாதிரி நேர். "தானா ஒட்டினா இப்படி நேரா ஒட்டாது. யாரோ இழுத்துவிட்டு, ரெண்டு பக்கமும் தப்பை வச்சுக் கட்டியிருக்காங்க. இங்கே இதுக்குக் கீழே உள்ள மண்ணுல பன்றியே கிடையாதும்மா. கடலைத் தாண்டி அது தானா நீந்தி வராது. குட்டியில எந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சதோ, அது அதோட பல்லுல பதிஞ்சிருக்கும். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினா சொல்லிடுவாங்க. படகுல கொண்டுவந்திருக்காங்க. ஆடுற படகுல கால் ஒடிஞ்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன். பட்டினியில நாயை அடிச்சுத் தின்ன ஆளுங்க, இதுக்கு மட்டும் கட்டுப் போட்டுக் காப்பாத்தியிருக்காங்க."

அவள் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை. கோணல் கையில் அதைப் பிடித்துக்கொண்டு, "பன்னிக்குக் கட்டுப் போட்டிருக்காங்க" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

மறுவாரம் நாற்பத்துநான்கு மாதிரிகள் மரப்பெட்டியில் கப்பலேறின. பல்லு டாக்டர் தன் கையாலேயே ஒவ்வொரு பையிலிருந்தும் ஒன்றை எடுத்து வைத்து ஆணி அடித்தார். நாற்பத்தொன்றாம் எண்: 'பன்றி. ஆண். பெரியது.' அவள் கடைப் பக்கம் சாப்பிடப் போயிருந்த நேரம். திரும்பி வந்து பட்டியலைப் படித்தபோது கப்பல் கிளம்பி ஊதிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் மழை. ஐந்தாம் குழியின் சுவர் சரிந்தது.

காலையில் அவள் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். பல்லு டாக்டர் மூலையில் தாடை ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன் வாளியோடு உள்ளே வந்தான். வாளியிலிருந்து எடுத்து, மேசைமேல், அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தான்.

"அண்ணி, அண்ணன் கப்பலை விட்டு இறங்கிட்டான்."

மண்டையோட்டின் மேல்வரிசையில் மிஞ்சியிருந்த ஒரே பல்லான கோரைப் பல்லுக்கு வெள்ளி உறை. அதைப் போட்டுக்கொண்ட நாளில் அவன் ஊர் முழுக்க இளித்துக்கொண்டு திரிந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது.

"எத்தனையோ பேர் வெள்ளிப் பல் கட்டியிருக்காங்க" என்றாள்.

"கட்டியிருக்காங்க. கசாப்புக் கடைக்குப் பின்னால தலை மட்டும் தனியா எத்தனை பேர் கிடக்காங்க?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. மண்வெட்டிப் பிடியால் அடித்தான். முதல் அடி விலாவில், இரண்டாம் அடி அவள் தடுக்கத் தூக்கிய மணிக்கட்டில். உடைந்த சத்தம் அவளுக்குப் பழகிய சத்தம். கையிலிருந்து ரத்தம் வழிந்தது. மூலையில் பல்லு டாக்டர் எழுந்தார், "டேய், விடு" என்று இரண்டடி வந்தார், ரத்தத்தைப் பார்த்தார், விழுந்தார். கொழுந்தன் அவள் முடியைப் பிடித்துத் தலையைத் தொட்டியில் அமுக்கினான். எடுத்தான். மறுபடி அமுக்கினான். அண்ணனும் தம்பியும் எங்கேதான் இந்தப் பாடத்தைப் படித்தார்களோ.

மூன்றாம் முறைக்கு அவள் இடது கை தட்டில் கிடந்த கல்கத்தியைத் தொட்டது. இந்தத் தடவை கழுத்துக்குப் போகவில்லை. குனிந்த வாக்கில் அவனுடைய முழங்காலுக்குப் பின்னால் ஒரே இழுப்பு.

அவன் மேசையோடு சாய்ந்தான். பத்துத் தட்டுகள், நாய், கோழி, ஆடு, பன்றி எல்லாம் தரையில் கொட்டின. மண்டையோடு உருண்டு அவன் இடுப்புக்கு அடியில் போனது. அவன் புரண்டு அலறிய அலறலில் அது அப்பளமானது. பல் மட்டும் தெறித்து அவள் காலடியில் வந்து நின்றது. வாசலில் ஆட்கள் ஓடிவரும் சத்தம். அவள் பல்லை எடுத்தாள், வாயில் போட்டாள், தொட்டித் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து விழுங்கினாள். இதைச் சந்தையில் யாரும் நம்புவதில்லை. அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், கப்பல் விஷயத்தைத் தவிர.

இன்ஸ்பெக்டர் வந்தார். கொழுந்தன் காலைப் பிடித்துக்கொண்டு தரையைக் காட்டினான். "என் அண்ணன் சார். இங்கேதான் இருக்கான்."

தரையில் ஆயிரக்கணக்கான துணுக்கு. இன்ஸ்பெக்டர் பூட்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "இதுல எதுப்பா உங்க அண்ணன்?"

தண்ணீர் தெளித்து எழுப்பிய பல்லு டாக்டரைக் கேட்டார்கள். அவர் துணுக்குகளை நேர்மையாகப் பார்த்தார். "எல்லாம் பொடியா கலந்து கிடக்கு. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. பல் ஏதாவது கிடைச்சா சொல்லிடுவேன்."

"பல்லா? அப்படி எதுவும் தெரியலையே சார்" என்றாள் அவள், வயிற்றைத் தடவியபடி.

காவலாளி பெண்ணை அடித்தான், அவள் தற்காப்புக்கு வெட்டினாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்த பிறகு பல்லு டாக்டர் ஆழம் அளக்கிற இரண்டு மரக்கோல்களைக் கொண்டுவந்தார். "கையை நீட்டுங்க." கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே மணிக்கட்டைத் தடவி, எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்று விரலால் படித்தார். "இது நாலாவது தடவை" என்றார்.

"ஆமா."

"முதல் மூணுக்கும் கட்டே போடலை."

"ஆமா."

இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கோலை வைத்து, சீட்டு கட்டுகிற துணியால் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கட்டியதில் தன் கழுத்தில் தொங்கிய துண்டின் நுனியையும் சேர்த்துக் கட்டிவிட்டார். கத்தரித்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவர் அதைத் தானே படித்துச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"நாற்பத்தொன்றாம் எண் மாதிரி பன்றி இல்லை. மனிதர். ஆண். இறந்து ஐம்பது வருஷத்துக்குள்தான் இருக்கும். பழைய மண்ணோட புது எலும்பு கலந்திருக்கு, அதனால இந்தக் குழியில கிடைச்ச எதையும் நம்புறதுக்கில்லை. இதை வச்சுக் கடல் பயணத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்னு எழுதியிருக்காங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கடுதாசி வந்ததும் அந்தப் பையைப் பிரிச்சுப் பார்த்தேன்மா. ரெண்டு கால், ஒரே ஆள். மூட்டுப் பக்கம் வெட்டு சாஞ்சிருக்கு. குழியில அள்ளின மண்ணையெல்லாம் மறுபடி சலிச்சேன். முட்டிச் சில்லு ரெண்டும் இல்லை." நோட்டைத் திறந்து காட்டினார். அவருடைய கையெழுத்து: இடது தோளுக்கு மேலே எறியப்பட்டது. "நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்லை."

"அப்ப அந்தப் பன்னி?"

"எந்தப் பன்றி?"

"கட்டுப் போட்டது."

"அது சந்தைக் கழிவுன்னு ஆயிடும். மூவாயிரம் வருஷம் கல்லுக்கு அடியில காத்திட்டிருந்தது. இன்னொருத்தர் வேற எங்கேயாவது தோண்டிக் கண்டுபிடிக்கட்டும்." சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அதுவரை எழுதிய எதுவும் இந்தப் பன்றி அளவுக்கு இல்லை என்று அவரே சொல்லியிருந்தார்.

வெட்டொண்ணு மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் கட்டு அவிழ்த்த கையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் கடப்பாரையைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

எழுதிக்கொள்கிற ஏட்டு களைத்துப்போகிற வரை சொன்னாள். கொக்கி, அண்டா, ஒரே வெட்டு, நாலு சாக்கு. ஏட்டு எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை. அவளுக்கு முக்கியமான இடம் கடைசியில்தான் இருந்தது.

"இதைச் சரியா எழுதிக்குங்க. மணல்மேட்டுல இடுப்பளவு தோண்டினேன். கடப்பாரை ஒரு கல்லுல இடிச்சுது, பொறி பறந்தது. அதுக்குக் கீழ நான் தோண்டலை, தெம்பு இல்லை. கல்லுக்கு மேல இருக்கறதுதான் என்னுது. கல்லுக்குக் கீழ இருக்கறது என்னுது இல்லை, இந்தச் சந்தையோடதும் இல்லை. அது கடல் தாண்டி வந்தது."

"என்னம்மா, கொலையை ஒத்துக்க வந்தீங்களா, பன்னிக்குச் சாட்சி சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டும் ஒரே கடுதாசில வரட்டும்."

கடப்பாரை முனையை நங்கூரக் கல்லின் வெள்ளைக் காயத்தில் வைத்துப் பார்த்தார்கள். விரலுக்கு மோதிரம் மாதிரி உட்கார்ந்தது. கல்லை அதற்குப் பிறகு யாரும் அசைக்கவில்லை என்பதும், அதன் அடியில் கிடந்தது அதற்கு முந்தியது என்பதும் அதிலேயே முடிவாயிற்று. பல்லு டாக்டர் அந்த வாக்குமூலத்தை அப்படியே மொழிபெயர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். பழங்கால ஆராய்ச்சியில் காவல் நிலைய முத்திரை குத்திய சான்று அதுவரை அவர்கள் பார்த்ததில்லை. பன்றியின் பல்லில் இருந்த தண்ணீர் இந்தக் கரையினுடையது இல்லை என்று அடுத்த கடிதத்தில் எழுதினார்கள். கூடவே நாற்பத்தொன்றாம் எண்ணைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்கள், கப்பலில்.

நீதிமன்றத்தில் அவளுடைய ஒடிந்த எலும்புகளைப் படம் எடுத்து மாட்டினார்கள். கை, விலா, தோள். பல்லு டாக்டர் ஒவ்வொன்றாகக் கோலால் காட்டி, எது எந்த வருடம் ஒடிந்தது, எது கட்டுப் போடாமல் ஒட்டியது என்று சொன்னார். படத்தில் ரத்தம் இல்லாததால் கடைசி வரை நின்றார்.

நீதிபதி கேட்டார்: "இருபத்திரண்டு வருஷம் கப்பலேறிப் போயிட்டார்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"அப்ப பொய்தான் ஐயா. இப்ப போயிட்டுத் திரும்பியே வந்துட்டாரே."

ஆறு வருடம் தீர்ப்பாயிற்று. வெளியே வராந்தாவில் ஊன்றுகோலோடு கொழுந்தன் நின்றான். பக்கத்தில் அண்ணன், ஒரு அட்டைப்பெட்டியில்.

"எல்லாம் குடுத்துட்டாங்க அண்ணி. சில்லு ரெண்டும் மட்டும் இல்லையாம்."

"நாய்க்குப் போட்டேன்."

அவன் யோசித்தான். "எந்த நாய்? அந்தக் கறுப்பா?"

"அதேதான்."

"அதான் அதுக்கப்புறம் என்னைக் கண்டாலே தொரத்திட்டு வந்தது" என்றான். அவனுக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று போலீஸ்காரர்களால் சொல்ல முடியவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சிறைச் சமையலறையில் ஆறு வருடமும் அவள் கையில் யாரும் கத்தி கொடுக்கவில்லை. உருளைக்கிழங்கைக் கரண்டியால் சுரண்டினாள். இரண்டாம் வருடம் பல்லு டாக்டர் அச்சான அறிக்கையைக் கொண்டுவந்து கம்பி வழியாகக் கொடுத்தார். அட்டையில் பன்றியின் பின்னங்கால் படம், நேராக. உள்ளே கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்: கணக்கில் சேர்க்காமல் விட்ட மாதிரிகளும் அதற்கான காரணங்களும். பன்னிரண்டாம் எண், வேர் துளைத்தது. இருபத்தேழாம் எண், எலி கொறித்தது. நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே ஒரே ஒரு சொல் இருந்தது.

கணவர்.